ஒரு மோட்டாருக்கு இரண்டு பேட்டரிகள்: தானியங்கு மாற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சி

1. பிரச்சினையின் வடிவம்

நெல் வயலின் நடுவே சேற்றில் நின்று, முதுகிலே 16 லிட்டர் தொட்டியைச் சுமந்து மருந்து தெளிக்கும் உழவர் ஒருவருக்கு, தொட்டியின் அடியில் அமைந்த சிறு மோட்டாரின் ஒலி மெல்ல மெல்லத் தாழ்ந்து, குழலின் நுனியில் விசிறிபோல் விரிந்துகொண்டிருந்த துளிகள் சொட்டுச் சொட்டாகச் சுருங்கிவிடும் வேளையில், வரப்பின்மேல் அவர் வைத்துவிட்டு வந்த இரண்டாவது பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தபோதிலும் அந்த க்ஷணத்தில் அதனால் பிரயோஜனம் எதுவுமில்லை. வரப்புக்குத் திரும்பி, தொட்டியை இறக்கி, சேறு படிந்த விரல்களால் இணைப்புகளைக் கழற்றி மாட்டுவதற்குள் கலக்கிய மருந்து அடியில் படிந்துவிடும். காற்று அடங்கியிருந்த காலை நேரமும் கடந்துவிடும். ஆகவே இரண்டு பேட்டரிகளையும் கருவியிலேயே பொருத்திவிட்டு, ஒன்றின் சக்தி குன்றியதும் மோட்டார் தானாகவே மற்றொன்றை நாடுமாறு செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் அந்த உழவருக்கு மட்டும் உரியதன்று. சக்கர நாற்காலியில் செல்பவருக்கும், மின்சைக்கிள் ஓட்டுபவருக்கும், சிறு படகை மின்மோட்டாரால் செலுத்துபவருக்கும், பள்ளிப் பரிசோதனைச் சாலையில் வண்டியொன்று செய்து பார்க்கும் மாணவனுக்கும் பொதுவானது.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு சுவிட்சைப் பற்றிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் நிதானமாக ஆராய்ந்தால் இதனுள் மூன்று வினாக்கள் அடங்கியிருப்பது புலனாகும். பேட்டரி ஓய்ந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது என்பது முதலாவது. அறிந்தபின் மோட்டாரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு மாற்றுவது என்பது இரண்டாவது. மாறிவிட்டது என்பதைக் கருவியை உடையவரிடம் எவ்வாறு தெரிவிப்பது என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாம் வினாவுக்கே இத்துறையில் உழைத்தவர்களின் யுக்தியெல்லாம் பெரும்பாலும் செலவாகியிருக்கிறது. முதல் வினாவுக்கு அரைகுறையான விடைகளோடு பலரும் திருப்தியடைந்துவிடுகின்றனர். மூன்றாம் வினாவையோ கேட்பவர்களே சிலர். மூன்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்டாலன்றி இவ்விஷயம் முழுமை பெறாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. முன்பு கையாண்ட வழிகள்

திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க கலத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானியான காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு அமைத்தார். 1881-இல் கமீய் ஃபோர் ஈய ஆக்ஸைடுப் பசையைத் தகடுகளில் பூசும் முறையைக் கண்டபின்பே அது பெருமளவில் செய்து விற்கத்தக்க பொருளாயிற்று. ஏறுகின்ற பேட்டரியின் மின்னழுத்தம் உயர்ந்தும் இறங்குகின்ற பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்தும் நிற்பதால், ஒன்றையே இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால் கருவிகள் சீராக இயங்கமாட்டா என்ற அனுபவம் விரைவிலேயே கிட்டியது. அதனால் பழைய டெலிபோன் நிலையங்களில் இரண்டு தொகுதிகளை வைத்து, ஒன்று உழைக்கும்போது மற்றொன்றுக்கு மின்னேற்றுவது வழக்கமாக இருந்தது. 1890-களில் லண்டன் டெப்ட்ஃபோர்டில் இருந்த ஸ்டோன் கம்பெனியார், ரயில் பெட்டியின் அச்சால் சுழலும் டைனமோவோடு இரட்டைப் பேட்டரிகளைச் சேர்த்து விளக்கெரிக்கும் முறையைப் பரப்பினர்; வண்டி வேகம் பெற்றதும் டைனமோவை இணைப்பதும், வேகம் தணிந்ததும் பிரித்துவிடுவதும் அங்கே யந்திரத்தின் பொறுப்பாகவே விடப்பட்டிருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானிய ஏழாம் வகை நீர்மூழ்கிக் கப்பல், தலா 62 கலங்கள் கொண்ட இரண்டு தொகுதிகளைச் சுமந்து, நீருக்கடியில் அவற்றின் பலத்தாலேயே மோட்டார்களை ஓட்டியது.

இப்பழைய ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அம்சம் உண்டு. சுவிட்சுப் பலகையின் முன் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் நின்றார். அளவுமானிகளை அவர் படித்தார். கலங்களின் அமில அடர்த்தியை அளந்தார். எந்தத் தொகுதி எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதினார். உழவரின் முதுகில் ஏறியிருக்கும் சிறு கருவியில் அத்தகைய மனிதருக்கு இடமில்லை. அம்மனிதரின் கையை மட்டும், மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சாகிய ஒரு ரிலேயாக மாற்றி வைத்துவிட்டு, அவருடைய கண்ணையும், நினைவையும், குறிப்பேட்டையும் மறந்துவிடுவதிலிருந்தே இக்காலத்துத் தவறுகள் பிறக்கின்றன.

3. பேட்டரியின் சுபாவம்

பேட்டரியை நீர்த்தொட்டிக்கு ஒப்பிடுவது நம் வழக்கம்; ஆயினும் தொட்டியில் நீர்மட்டத்தைக் கண்ணால் கண்டு அளவைச் சொல்லிவிடலாம் என்பதுபோல, மின்னழுத்தத்தைக் கண்டு பேட்டரியின் இருப்பைச் சொல்லிவிட முடியாது. 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி ஒன்று முழுதும் நிறைந்து, சில மணி நேரம் சும்மாயிருந்தபின் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். பாதி செலவானபின் அதே ஓய்வில் 12.2 வோல்ட் அளவில் நிற்கும். 12-ஐ ஒட்டி வந்துவிட்டால் பெரும்பகுதி செலவாகிவிட்டது என்றே கொள்ளவேண்டும். நிறைவுக்கும் வறுமைக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதுவும் ஓய்விலிருக்கும்போது மட்டுமே இக்கணக்குச் செல்லும். சுமை ஏறியவுடன் பேட்டரியின் உள்தடையால் மின்னழுத்தம் தாழ்கிறது. சுமை நீங்கியதும், தகடுகளின் நுண்துளைகளுக்குள் புதிய அமிலம் ஊறிச் சேரச் சேர, மெல்ல மீண்டும் உயர்கிறது. களைத்து விழுந்த காளை சற்றே படுத்து எழுந்ததும் பலம் பெற்றதுபோல் தோன்றி, நுகத்தடியில் பூட்டியதும் மறுபடி சாய்வதற்கு ஒப்பானது இது.

கலத்துக்கு 1.75 வோல்ட் வீதம், 12 வோல்ட் பேட்டரிக்கு 10.5 வோல்ட் என்பது சுமையின்கீழ் இறங்கத்தக்க கடைசிப் படி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதற்கும் கீழே இழுத்துச் சென்று, அந்நிலையிலேயே நாட்கணக்கில் விட்டுவிட்டால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் தடித்து இறுகி, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. பேட்டரியின் ஆயுளை முடிவு செய்வது அது எத்தனை முறை உழைத்தது என்பது மாத்திரமன்று; ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆழத்துக்கு இறக்கப்பட்டது, இறங்கியபின் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பவையுமாம்.

1991-இல் ஸோனி கம்பெனியாரால் விற்பனைக்கு வந்த லித்தியம் அயான் வகையின் சுபாவம் வேறு. அதன் ஒரு கலம் நிறைந்தபோது 4.2 வோல்ட்டும், இடைநிலையில் 3.7 வோல்ட் அளவும் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே வெகுதூரம் இறக்குவது கேடு. மூன்று கலங்களைத் தொடராக அடுக்கினால் 12.6-லிருந்து 9 வரையில் நீண்ட இறக்கம் கிடைப்பதால் இருப்பை ஊகிப்பது சற்று எளிது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையோ கலத்துக்கு 3.2 வோல்ட் அளவில், தன் உழைப்பின் பெரும்பகுதி முழுவதும் சமவெளிபோல் நின்று, இறுதியில் செங்குத்தாகச் சரிந்துவிடும்; சமவெளியில் நடக்கும்வரை மின்னழுத்தம் நமக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு வகைக்கென்று வகுத்த எல்லையை மற்றொரு வகைக்குப் பிரயோகிப்பது, ஒருவர் நோய்க்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுப்பதுபோலாகும்.

4. மோட்டாரின் சுபாவம்

மின்விளக்குக்கு ஏற்ற மாற்றுச் சுவிட்சு மோட்டாருக்கு ஏற்காமற்போவதன் காரணம், மோட்டார் சாந்தமான சுமையன்று என்பதே. அது சுழலும்போது தன்னுள்ளேயே ஓர் எதிர் மின்னியக்கு விசையைப் பிறப்பித்து, பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைத் தடுத்துக்கொள்கிறது. நின்றிருக்கும்போது அவ்வெதிர்விசை இல்லாததால், சுருளின் சொற்பத் தடையைத் தவிர மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வேறொன்றும் இல்லை. ஆகவே புறப்படும் க்ஷணத்தில் அது கேட்பது, ஓடும்போது கேட்பதைப்போல் ஐந்து மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருப்பது சகஜம்.

உதாரணமாக, ஓடும்போது 2.5 ஆம்பியர் கொள்ளும் தெளிப்பான் மோட்டார் ஒன்றின் சுருள்தடை 0.8 ஓம் என்றும், பேட்டரியின் உள்தடையும் கம்பி, ஃபியூஸ், சுவிட்சு ஆகியவற்றின் தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். பாதி இருப்போடு 12.2 வோல்ட் காட்டும் பேட்டரியை அதனோடு இணைத்தால், முதல் க்ஷணத்தில் 12.2-ஐ 0.9-ஆல் வகுத்த ஏறத்தாழ 13.6 ஆம்பியர் பாயும், வழியிலேயே 1.36 வோல்ட் இழக்கப்பட்டு, மோட்டாரின் வாயிலில் 10.84 வோல்ட்டே எஞ்சும். மோட்டார் வேகம் பெற்றபின் அதே பேட்டரி அதே வாயிலில் 11.95 வோல்ட் காட்டும். 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தீர்ந்தது என்று ஒரு சாதனத்துக்கு நாம் கட்டளையிட்டிருந்தால், பாதி நிறைந்த இப்பேட்டரியை அது முதல் க்ஷணத்திலேயே தீர்ந்ததென்று தள்ளிவிடும். தெளிப்பானில் இது ஒரே ஒரு முறை நேரும் சம்பவமும் அன்று. உழவர் கைப்பிடியைத் தளர்த்தும்போதெல்லாம் பம்பினுள் அழுத்தம் உயர்ந்து, அழுத்தச் சுவிட்சு மோட்டாரை நிறுத்துகிறது. மறுபடி அழுத்தியதும் மோட்டார் புதிதாகப் புறப்படுகிறது. ஒரு காலை வேளையில் நூற்றுக்கணக்கான புறப்பாடுகள். ஒவ்வொன்றிலும் பேட்டரி மீது பொய்க் குற்றச்சாட்டு.

5. இணைக்கும் முறைகள்

யோசனை ஏதுமின்றி இரண்டு பேட்டரிகளையும் பக்க இணைப்பாக ஒன்றுசேர்த்துவிடுவது எல்லாவற்றிலும் எளிய முறை. ஒரே காலத்தில் வாங்கி, ஒரே அளவில் உழைத்து, ஒருங்கே மின்னேற்றப்பட்ட இரட்டைப் பிள்ளைகள் போன்ற ஜோடியாக இருந்தால், இம்முறையைக் குறைகூறுவதற்கில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் நடைமுறையில் இரண்டும் ஒத்திருப்பது அரிது. ஒன்று 12.8 வோல்ட்டிலும் மற்றொன்று 12 வோல்ட்டிலும் இருக்கையில், 0.1 ஓம் தடையுள்ள வழியாக இணைத்தால், ஆரம்பத்தில் 8 ஆம்பியர் மின்னோட்டம் மோட்டாரை எட்டாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். 8 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறு ஈய அமிலப் பேட்டரி ஏற்கத்தக்க மின்னேற்ற அளவுக்கு இது மிக அதிகம். உள்தடை மிகக் குறைந்த லித்தியம் பேட்டரிகளில் இதே தவறு நெருப்பு அபாயத்தில் முடியக்கூடும். மேலும், ஒரு பேட்டரியில் ஒரு கலம் பழுதுற்றால் அது நல்ல பேட்டரியையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும்.

அடுத்தது டயோடு முறை. ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனையிலும், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடை வைத்து, இரண்டின் மறுமுனைகளையும் சேர்த்து மோட்டாருக்குக் கொடுத்தால், அந்த க்ஷணத்தில் எதன் மின்னழுத்தம் உயர்ந்ததோ அதுவே உழைக்கும். ஒரு பேட்டரி மற்றொன்றுக்குள் பாய வழியில்லை. மாற்றத்தில் இடைவெளியும் இல்லை. இவ்வெளிமைக்கு விலையாக, சாதாரண சிலிக்கன் டயோடு 0.7 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ விழுங்கும். ஷாட்கி டயோடு 0.4 வோல்ட் அளவில் விழுங்கும். 2.5 ஆம்பியரில் ஷாட்கி டயோடு வீணாக்குவது ஒரு வாட்; 12 வோல்ட்டில் இது சுமார் 3 சதவிகிதம். இது பெரும் நஷ்டமன்று. ஆனால் டயோடு எதையும் தீர்மானிப்பதில்லை. முதலில் உயர்ந்ததைத் தாழ்த்தி, பின்னர் இரண்டையும் சமமாக்கி, இறுதியில் இரண்டையும் ஒருசேரப் பாதாளம்வரை இறக்கிவிடும். காக்கவும் செய்யாது, அறிவிக்கவும் செய்யாது.

மூன்றாவது ரிலே. ஒரே நாக்கு இரண்டு தொடுமுனைகளுக்கிடையே ஊசலாடும் மாற்று ரிலேயில், ஒன்றைப் பிரிந்த பின்பே மற்றொன்றைத் தொடமுடியும் என்ற ஒழுங்கு அதன் உடலமைப்பிலேயே அமைந்துவிடுகிறது. இரண்டு பேட்டரிகளும் தற்செயலாகப் பிணைந்துவிடும் அபாயத்தை இதைவிட எளிதாக வேறெதுவும் நீக்காது. இரண்டு தனித்தனி ரிலேக்களைக் கொண்டு அதே வேலையைச் செய்தால், ஒன்றின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்ட அன்று இந்தக் காப்பு போய்விடும். நாக்கு நகரும் சில மில்லி வினாடி இடைவெளியை மோட்டார் தன் சுழற்சி வேகத்தாலேயே கடந்துவிடுவதால், அதனைப் பயன்படுத்துவோர் உணர்வதுகூட இல்லை.

ரிலேயைப் பற்றி ஒரு யுக்தி பரவலாக வழங்குகிறது. முதற் பேட்டரியாலேயே ரிலேயின் காந்தச் சுருளை இயக்கிவிட்டால், அப்பேட்டரி பலத்தோடு இருக்கும்வரை நாக்கு அதன் பக்கம் இழுபட்டு நிற்கும். பலம் குன்றியதும் தானே விழுந்து இரண்டாம் பேட்டரியைத் தொடும் என்பது அதன் தத்துவம். கேட்பதற்கு இது அழகாகவே இருக்கிறது. ஆனால் ஒருமுறை இழுத்த நாக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள மிகச் சொற்பக் காந்த பலமே போதும். 12 வோல்ட் ரிலேக்கள் பல, சுருளின் மின்னழுத்தம் பாதிக்கும் கீழே போனபிறகும் விடுவதில்லை. 10.5 வோல்ட்டில் கைவிடப்பட்டிருக்க வேண்டிய பேட்டரியை அதற்கும் வெகு கீழே இழுத்துச் சென்று கெடுத்துவிட்ட பின்பே இந்த ஏற்பாடு மாறும். எனவே ரிலே கையாக இருக்கலாம்; கண்ணாக இருக்க அதற்குத் தகுதியில்லை.

ரிலேயைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்கவேண்டியவை வேறு இரண்டு உள. மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைக் கடப்பதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரியின் நேர்திசை மின்னோட்டத்துக்கு அந்தக் கருணை இல்லை. ஆகையால்தான் 250 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்குத் தகும் என்று பொறிக்கப்பட்ட சிறு ரிலேயின்மேல், நேர்திசைக்கு 30 வோல்ட் என்று மட்டும் பொறித்திருப்பதைக் காண்கிறோம். மோட்டாரின் சுருளில் தேங்கிய சக்தி தீப்பொறியாக வெடிக்காமல் சுழன்று அடங்குவதற்கு, ஒரே திசையில் ஓடும் மோட்டாராயின் அதன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு பொருத்துவது அவசியம். மற்றொன்று, ரிலேயின் சொந்தப் பசி. மோட்டார் வாகனங்களில் வழங்கும் ரிலேயின் சுருள் சுமார் 150 மில்லி ஆம்பியர் கொள்ளும்; 2.5 ஆம்பியர் கொள்ளும் மோட்டாருக்கு இது 6 சதவிகிதச் சுங்கம். மாறும்போது மாத்திரம் ஒரு துடிப்பை வாங்கிக்கொண்டு, பின்னர் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே தாழிட்டு நிற்கும் லாட்சிங் ரிலே இக்குறையைத் தீர்க்கிறது.

நான்காவது மாஸ்ஃபெட். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் அட்டல்லாவும் காங்கும் 1959-ஐ ஒட்டிய காலத்தில் உருவாக்கிய இச்சாதனம், அசையும் பாகம் எதுவுமின்றி, சில மில்லி ஓம் தடையோடு மின்னோட்டத்தை விடவும் தடுக்கவும் வல்லது. தலா 5 மில்லி ஓம் உள்ள இரண்டைத் தொடராக வைத்தாலும் 2.5 ஆம்பியரில் இழப்பு ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்கே. டயோடின் ஒரு வாட் இழப்போடு இதனை ஒப்பிட்டால் லாபம் விளங்கும். ஆனால் ஏன் இரண்டு? ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் உடலோடும் ஒரு டயோடு பிறந்திருக்கிறது. அது மூடிய நிலையிலும் ஒரு திசையில் மின்னோட்டத்தை விட்டுவிடும். ஒற்றை மாஸ்ஃபெட்டை நம்பி, மூடியாயிற்று என்று நாம் நிம்மதியடைந்திருக்கையில், நிறைந்த பேட்டரி தீர்ந்த பேட்டரிக்குள் சத்தமின்றிப் பாய்ந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டை முதுகோடு முதுகாக வைத்து இரு திசைகளையும் அடைக்கவேண்டும். ஒரு ஜோடி மூடி முடிந்தபின்பே மறு ஜோடி திறக்குமாறு சிறு இடைவேளை விடவேண்டும். பழுதுறும்போது மாஸ்ஃபெட் பெரும்பாலும் மூடாமல் திறந்த வழியாகவே நின்றுவிடுவதால், ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி ஃபியூஸ் வைக்கவேண்டும்.

6. தீர்ப்பளிக்கும் சாதனம்

கை எதுவாயினும் அதனை ஏவும் அறிவு வேறு. பேட்டரியின் மின்னழுத்தத்தை நிலையானதொரு அளவுகோலோடு ஒப்பிட்டு ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒப்பீட்டுச் சுற்றே அவ்வறிவின் ஆரம்பம். அந்த அளவுகோல், தாழ்ந்துகொண்டிருக்கும் அதே பேட்டரியிலிருந்து வெறுமனே பிரித்தெடுத்ததாக இருந்தால், அளக்கப்படும் பொருளோடு அளவுகோலும் சுருங்கிவிடும், ஆதலால் 2.5 வோல்ட்டை மாறாமல் காட்டும் டி.எல்.431 போன்ற தனிச் சாதனம் வேண்டும். அவ்வாறே, தீர்ப்பளிக்கும் சுற்றுக்கு வேண்டிய சொற்ப மின்சாரத்தை இரண்டு பேட்டரிகளிலிருந்தும் இரண்டு சிறு டயோடுகள் வழியாகக் கொடுப்பது உத்தமம். இல்லையேல் மாற்றம் நிகழும் அந்த க்ஷணத்திலேயே நீதிபதி மயங்கிவிடுவார்.

ஒரே எல்லையை வைத்துக்கொண்டு போகவும் வரவும் தீர்ப்பளிக்கும் சுற்று நிலைகொள்ளாது தவிக்கும். முதற் பேட்டரி 11 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அது இரண்டாவதற்கு மாற்றுகிறது. சுமை நீங்கிய முதற் பேட்டரி உடனே மேலெழுகிறது. நன்றாகிவிட்டது என்று கருதி மறுபடி அதற்கே மாற்றுகிறது. சுமை ஏறியதும் அது சாய்கிறது. இவ்வாறு ரிலே படபடவென்று அடித்துக்கொண்டு தன் தொடுமுனைகளைத் தானே எரித்துக்கொள்ளும். இந்நோய்க்கு மருந்து, போகும் எல்லைக்கும் திரும்பும் எல்லைக்கும் இடையே ஒரு தயக்கத்தை ஏற்படுத்துவது. கணவாய் மீனின் நரம்பு உணர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஆட்டோ ஷ்மிட், 1934-இல் மாணவராக இருந்தபோதே அமைத்த சுற்று இத்தத்துவத்தை மின்னணுவியலுக்கு அளித்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1972-இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் சிற்றுறுப்பினுள்ளும், மின்வழங்கலின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரு பங்கு என்னும் இரு எல்லைகள் அமைந்திருப்பதால், அதனையும் இவ்வேலைக்குப் பயன்படுத்துவோர் உண்டு.

தயக்கம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதிலேதான் கருத்து வேறுபாடு. அரை வோல்ட் போதும் என்பர் சிலர். ஆனால் 11 வோல்ட்டில் கைவிட்ட ஈய அமிலப் பேட்டரி, மோட்டாரை விட்டு நீங்கிச் சிறிது நேரத்திலேயே 11.5-ஐத் தாண்டி, 12-ஐயும் நெருங்கிவிடும். அரை வோல்ட் தயக்கம் அதற்கு அணை ஆகாது. இங்கே நினைவிற்கொள்ளவேண்டிய உண்மை, ஓய்வு வேறு, மின்னேற்றம் வேறு என்பது. தீர்ந்த ஈய அமிலப் பேட்டரி, எவ்வளவு காலம் காத்திருந்தாலும், ஓய்வினால் மட்டும் 13 வோல்ட்டை எட்டாது. சார்ஜர் ஒன்றே அதை அங்கு உயர்த்தும். ஆகவே திரும்பும் எல்லையை 13 வோல்ட்டுக்கு மேல் வைப்பதோ, உடையவரே ஒரு பொத்தானை அழுத்தினாலன்றித் திரும்புவதில்லை என்று தாழிடுவதோதான் முறை.

புறப்பாட்டுத் தாழ்வினால் நேரும் பொய்க் குற்றச்சாட்டுக்கு மருந்து பொறுமை. முன் கண்ட கணக்கில், 10.84 வோல்ட் என்பது மோட்டார் வேகம் பெறும் விநாடியின் ஒரு பகுதியில் தோன்றி மறைவது. 11 வோல்ட்டுக்குக் கீழே பத்து விநாடிகள் தொடர்ந்து தங்கினாலன்றித் தீர்ப்புச் சொல்வதில்லை என்று விதித்துவிட்டால், எல்லையை மாற்றாமலே நியாயம் கிடைத்துவிடும். மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருப்பவர் மேலும் ஒரு படி ஏறலாம். மின்னோட்டத்தையும் அளந்து, வழித்தடையால் இழந்த வோல்ட்டைக் கணக்கில் கூட்டிக்கொண்டு, பேட்டரியின் உள்நிலையை மதிப்பிடலாம். வெளியேறிய ஆம்பியர்-மணியைக் கூட்டிக்கொண்டே வந்து, பழைய நீர்மூழ்கிக் கப்பலின் குறிப்பேட்டை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். இரும்பு பாஸ்பேட் வகைக்கு இக்கணக்கைத் தவிர நம்பத்தக்க வழி வேறில்லை.

7. ஒன்றன்பின் ஒன்றா, மாறிமாறியா?

ஒன்றை முழுதும் செலவிட்டபின் மற்றொன்றை எடுப்பதே நலமா என்ற வினாவும் ஆராயத்தக்கது. ஜெர்மானிய விஞ்ஞானி பாய்க்கர்ட் 1897-இல் கண்ட விதிப்படி, ஈய அமிலப் பேட்டரியிலிருந்து வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்தம் குறையும். அவ்விதியின் அடுக்கெண்ணை 1.2 என்று கொண்டால், ஒரு சுமையை இரண்டு பேட்டரிகள் ஒரே சமயத்தில் பகிர்ந்து சுமக்கும்போது, ஒன்றன்பின் ஒன்றாகச் சுமப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ 15 சதவிகிதம் அதிக நேரம் ஓடும். ஆழமாக இறக்குவது ஆயுளைக் குறைக்கும் என்பதையும் சேர்த்து நோக்கினால், பகிர்ந்து சுமத்தல், மாறிமாறிச் சுமத்தல், ஒன்றன்பின் ஒன்றாகச் சுமத்தல் என்னும் மூன்றிலும், ஒன்றை அடியோடு காலி செய்யும் முறையே தாழ்ந்தது என்று தோன்றும். மின்சைக்கிள்களுக்கான போஷ் கம்பெனியின் இரட்டைப் பேட்டரி அமைப்பு, ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றொன்றுக்குப் போகாமல், இரண்டையும் மாறிமாறிப் படிப்படியாக இறக்குவதற்கும் ஆழத்தைப் பற்றிய இந்த நியாயம் பொருந்தும்.

எனினும், ஒன்றன்பின் ஒன்றாகச் செலவிடும் முறைக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு மகிமை உண்டு. முதலாவது தீர்ந்து இரண்டாவது தொடங்கும் அந்த க்ஷணம், முதற் பேட்டரியின் பங்கு செலவாயிற்று என்பதற்கு எந்த அளவுமானியாலும் தரமுடியாத தெளிவான சாட்சி. இரண்டும் சமமாக இறங்கும் முறைகளில் முடிவு எப்போது வரும் என்பது கடைசிவரை மறைந்தே இருக்கும். இதிலோ, நடுவழியில் ஒரு மைல்கல் நிற்கிறது. வீடு திரும்பவேண்டிய சக்கர நாற்காலிக்கும் கரை சேரவேண்டிய படகுக்கும் 15 சதவிகித லாபத்தைவிட அந்த மைல்கல் மதிப்புடையது. முதற் பேட்டரியை 10.5 வரை வற்றவிடாமல் சற்று முன்னதாகவே கைவிட்டால், ஆயுள் நஷ்டத்தையும் பெரிதும் குறைத்துக்கொள்ளலாம்.

8. முடிவு

ஆராய்ச்சியின் பயனாக நாம் அடையும் முடிவுகள் வருமாறு. ஒத்த இரட்டைப் பேட்டரிகள் கிடைத்து, ஒன்றாகவே ஏறவும் இறங்கவும் கூடுமாயின், தனித்தனி ஃபியூஸ்களோடு பக்க இணைப்பே போதும். மாற்றுச் சாதனமே வேண்டா. வயதோ கொள்ளளவோ வேறுபட்ட பேட்டரிகளாயின், சிறு மோட்டாருக்கு லாட்சிங் வகை மாற்று ரிலேயும், அடிக்கடி மாறவேண்டிய இடத்தில் முதுகோடு முதுகான மாஸ்ஃபெட் ஜோடிகளும் தக்கவை. தீர்ப்பளிக்கும் சுற்று பேட்டரியின் வகையறிந்த எல்லையும், பத்து விநாடிப் பொறுமையும், மின்னேற்றினாலன்றித் திரும்பாத உறுதியும் உடையதாக வேண்டும். இரண்டாவதும் எல்லையைத் தொட்டால் மோட்டாரை நிறுத்தும் துணிவும் அதற்கு இருக்கவேண்டும்.

இவையெல்லாம் கைகூடிய பின்னும் மூன்றாம் வினா எஞ்சி நிற்கிறது. மாற்றம் எவ்வளவு நேர்த்தியாக நிகழ்கிறதோ அவ்வளவுக்கு அது உடையவரின் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. முன்பு மோட்டாரின் ஒலி தாழ்ந்து அவரை எச்சரித்தது. இப்போது ஒலி தாழ்வதில்லை. முதற் பேட்டரி தீர்ந்ததை அறியாமல் அவர் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார். கருவி நன்றாகத்தானே ஓடுகிறது என்று சார்ஜரில் மாட்டாமல் மூலையில் வைக்கிறார். சில வாரங்களில் தீர்ந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடுகிறது. அடுத்த முறை வயலில் இறங்கும்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு பேட்டரி. இரண்டு இருப்பதாகவே அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். இரட்டைப் பேட்டரி என்ற பாதுகாப்பு, அவரறியாமலே ஒற்றைப் பேட்டரியை விடவும் மோசமான ஏமாற்றமாக மாறிவிடுகிறது.

இதனைத் தடுக்கப் பெரிய செலவொன்றும் இல்லை. இரண்டாம் பேட்டரிக்கு மாறியவுடன் எரிந்து, முதற் பேட்டரிக்கு மின்னேற்றும்வரை அணையாத ஒரு சிவப்பு விளக்கு போதும். முதுகுக்குப் பின்னால் விளக்கைக் காண முடியாத தெளிப்பானுக்கு, மாறும்போது மூன்று முறை ஒலிக்கும் சிறு பஸ்ஸரும் சேர்ந்தால் போதும். அந்த ஒலியைக் கேட்ட உழவர், தொட்டியில் மீந்த மருந்தையும் எஞ்சிய பாத்திகளையும் ஒருமுறை கண்ணால் அளந்து, எங்கே நிறுத்துவது என்பதைத் தாமே தீர்மானிப்பார். மாலையில் வீடு சேர்ந்ததும் அணையாத அந்தச் சிவப்புப் பொட்டு, முதற் பேட்டரியை அன்றிரவே சார்ஜரில் மாட்டச் சொல்லி அவரை அழைக்கும். பேட்டரியை மாற்றும் வேலையைச் சாதனம் ஏற்றுக்கொள்ளட்டும். பேட்டரியின் நிலையை அறியும் உரிமை உடையவரிடமே இருக்கட்டும்.